பிரிக்காத மூட்டை

புதுச் சட்டம் வந்ததிலிருந்து பழைய இரும்புக் கடை அம்மாவின் வாய் ஓயவில்லை. செம்புக் கம்பி கொண்டுவருகிறவர் யாராக இருந்தாலும் அடையாள அட்டையை வாங்கிப் பார்க்க வேண்டும், எங்கிருந்து வந்த சரக்கு என்று கேட்க வேண்டும், நிற்கவைத்துப் படம் பிடிக்க வேண்டும். கையில் காசு கொடுக்கக் கூடாது, வங்கியில்தான் போட வேண்டும். அதுவும் போதாதென்று, வாங்கிய செம்பை வந்த கோலத்திலேயே ஒரு வாரம் தனியாகப் பூட்டி வைக்க வேண்டும்.

“கம்பியத் திருடுறவன் எவனோ. ஜெயில்ல கெடக்குறது நம்ம சரக்கு,” என்று கொல்லைப்புறக் கூண்டைக் காட்டிப் புலம்புவாள்.

தராசடியில் நிற்கும் அவள் வீட்டுக்காரர், “நீ புலம்புறத எடை போட்டா ஒரு லாரி தேறும்,” என்பார்.

அப்படிப் புலம்பிக்கொண்டிருந்த ஒரு மத்தியான வேளையில்தான் அவளுடைய தம்பி சைக்கிளில் ஒரு சாக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

பம்பரம் என்றுதான் எல்லாரும் அவனைக் கூப்பிடுவார்கள். எந்த வேலையிலும் ஒரு மாதம் தங்கியதில்லை. கூடாத சேர்க்கையால் ஒரு தடவை சாக்கடை மூடிகளைத் திருடி மாட்டிக்கொண்டு சிறைக்கும் போய்வந்தான். வந்த பிறகு ஒழுங்காகத்தான் இருந்தான். ஆனாலும் அவன் தலையைக் கண்டால் அக்காவின் கண் முதலில் அவன் கையில் என்ன இருக்கிறது என்றுதான் தேடும்.

“காப்பர் இருக்கு அக்கா. எடை போடு,” என்றான், மூட்டையை இறக்கியபடி.

“எங்கேர்ந்து கொண்டாந்த?”

“எங்கேர்ந்தோ. உனக்கென்ன?”

“கேக்கணும்டா. சட்டம். அட்டையையும் குடு.”

பம்பரம் மூட்டையிலிருந்து கையை எடுத்தான். “என்கிட்டயேவா?”

“யாரா இருந்தாலும்தான்.”

“யாரா இருந்தாலும்னா உன் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?” அவன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் போட்டான். “நல்லா பாத்துக்க. மூட்டையும் இங்கயே கெடக்கட்டும். நீயே விசாரிச்சு முடிச்சிட்டுச் சொல்லியனுப்பு.” சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்காரர் மூட்டையைத் தூக்கிப் பார்த்து, “கனமாத்தான் இருக்கு. பிரிச்சுப் பாக்கலாமா?” என்றார்.

“வேணாம். கூண்டுல வைங்க,” என்றாள் அவள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவரை அவன் எதுவும் செய்யாதவன். பிரித்துவிட்டால் அந்த நிம்மதியும் போய்விடும்.

மறுநாள் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. நீரேற்று நிலையத்துக்குக் கரண்ட் போகும் செம்புக் கம்பியை முந்தின நாள் விடியுமுன்பே யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்களாம், தொட்டியில் இருந்த தண்ணீர் தீர்ந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்ததாம். குடத்தோடு கடைவாசலில் நின்ற பெண்கள் திருடனின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது.

அந்த நேரம் பார்த்து, பழைய உலோகத்தை வாங்கி உருக்கும் பட்டறைக்காரர் வேனோடு வந்தார். பத்து வருஷப் பழக்கம். பித்தளையையும் இரும்பையும் ஏற்றிக்கொண்டிருந்தவர் கூண்டுக்குள் கிடந்த மூட்டையைப் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார்.

“தம்பி சரக்கா?” என்றார் குரலைத் தாழ்த்தி. “ஊர் பூரா போலீஸ் சுத்துது. வேன்ல போடுங்க. பொழுது சாயறதுக்குள்ள உருகிடும். அப்புறம் எது யாரு கம்பின்னு கடவுளாலயும் சொல்ல முடியாது.”

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துவிட்டாள். கூண்டு வரைக்கும் நடந்தும் விட்டாள். பூட்டில் சாவியை நுழைத்தபோதுதான் கை நின்றது. இப்போது ஏற்றி அனுப்பினால் அவன் திருடன் என்று அவளே தீர்ப்பெழுதியதாகிவிடும். அதற்கப்புறம் அவன் ஆயிரம் சத்தியம் செய்தாலும் அவள் மனசு நம்பாது.

“வேணாங்க. அது இங்கயே இருக்கட்டும்.”

“உங்க இஷ்டம்,” என்று வேனைக் கிளப்பிக்கொண்டு போனார் அவர்.

கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டரம்மா வந்தார். கூடவே மின்வாரியத்து லைன்மேன். அவர் கையில் ஒரு சாண் நீளக் கம்பித் துண்டு இருந்தது, கட்டைவிரல் பருமனில். திருடர்கள் விட்டுப்போன மிச்சம்.

“நேத்து சைக்கிள்ல ஒரு ஆள் மூட்டையோட இங்க வந்ததப் பாத்திருக்காங்க,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். “வந்தது என் தம்பிங்க. அவன் அட்டை இந்தா இருக்கு. மூட்டை கூண்டுல இருக்கு. நான் இன்னும் பிரிக்கல.” சொல்லி முடித்ததும் கூண்டுச் சாவியை லைன்மேனிடம் நீட்டினாள். தராசின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

லைன்மேன் மூட்டையின் கட்டை அவிழ்த்துத் தரையில் கொட்டினார். தலைமுடி போல மெல்லிய கம்பிகள், கருகிப்போய், வளையம் வளையமாகச் சரிந்து விழுந்தன. அவர் ஒரு வளையத்தை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இது ஃபேன் காயில் மேடம். எரிஞ்சுபோன மோட்டார்லேர்ந்து உருவினது. நம்ம கம்பிய இப்படி ஆக்கணும்னா தேவலோகத்துலேர்ந்து ஆள் வரணும்.”

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து முட்டின. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எதுக்கும் எங்க வாங்கினான்னு கேட்டுருவோம்,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை ஒன்றுதான். மூன்று பேரும் அங்கே போனார்கள்.

பம்பரம் அங்கே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். காக்கி உடுப்பையும் பின்னால் வந்த அக்காவையும் பார்த்ததும் அவன் முகம் வெளிறிவிட்டது. இன்ஸ்பெக்டரம்மா அந்தக் காயில் மூட்டையைப் பற்றி விசாரித்தார்.

“ஆமாங்க, நான்தான் குடுத்தனுப்பினேன்,” என்று எழுந்து வந்தார் பட்டறை முதலாளி. “இவன் சேந்ததுலேர்ந்து பழைய காயிலெல்லாம் இவன் பொறுப்பு. ஏன், என்ன தப்பு?”

“ஒரு தப்பும் இல்ல,” என்றார் இன்ஸ்பெக்டரம்மா. போகும்போது அவளிடம் திரும்பி, “நல்லவேளை, சரக்க கைமாத்தாம வெச்சிருந்தீங்க. மூட்டை இல்லேன்னா இவன்மேல வந்த சந்தேகத்த எதக் காட்டித் தீக்கறது?” என்றார்.

அவர்கள் போனபிறகும் அவள் வாசலிலேயே நின்றாள்.

“நான்தான்னு நெனச்சியா?” என்றான் பம்பரம், தலை நிமிராமல்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. “நெனச்சேன்.”

கம்பி சுற்றும் கை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. “பிரிச்சுப் பாத்திருக்கலாமே.”

“பயமா இருந்துச்சுடா. வேலைக்குப் போறேன்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருக்கலாமே.”

“ஒரு மாசம் தாண்டட்டும்னு பாத்தேன். எத்தன தடவ உன்கிட்ட வந்து வேலை கெடச்சிருச்சுன்னு சொல்லிருக்கேன். எனக்கே வெக்கமா இருந்துச்சு.” அவன் ஒரு சுற்றை முடித்து, கம்பியை வெட்டி, நுனியை மடக்கினான். “உக்காரு. நின்னுக்கிட்டே இருக்க. டீ சொல்றேன்.”

அவள் பக்கத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். டீ வந்தது. முதலாளி, “ஒங்க தம்பிக்கு விரல் நல்ல விரல்மா. இருந்த எடத்துலேர்ந்து எந்திரிக்கவே மாட்டேங்குறான்,” என்றார். பம்பரமா எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கம்பித் திருடர்கள் அன்று சாயங்காலமே பக்கத்து ஊரில் பிடிபட்டார்கள். அட்டை இல்லாமல் எந்தக் கடைக்காரரும் வாங்கமாட்டேன் என்று சொல்ல, கடை கடையாக ஏறி இறங்கியவர்களைக் கடைசியாக ஒருவர் பேச்சுக் கொடுத்து உட்காரவைத்துவிட்டுப் போலீசுக்குச் சொல்லிவிட்டாராம். வீட்டுக்காரர் அந்தச் சேதியைக் கேட்டுக்கொண்டு ஓடிவந்தபோது, அவள் கடை நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எடைக்கு வந்த ஆளிடம் அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டி, இரும்பைச் சத்தம் போடாமல் இறக்கச் சொன்னார்.