வலிக்குதா என்று கேட்கக் கூடாது

கூட வேலை பார்த்தவர்கள் அவரை ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். டைல்ஸ் பதிக்கிற வேலை. அவர் முடித்த தரையில், சமம் பார்க்கும் ரசமட்டத்தை எந்த மூலையில் வைத்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கும். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

ஒரு நாள் டைல்ஸ் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது இடுப்பில் ஏதோ வழுக்கியது. பெட்டியைக் கீழே போடவில்லை. மெல்ல இறக்கிவைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். அறுவை சிகிச்சை வேண்டாம், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றார்கள். கொஞ்ச நாள் மாதங்களாகி, மாதங்கள் வருடங்களாயின. வலி அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டது.

வலிக்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது. அதை என்னவென்று சொல்வது என வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. முதலில் சவரம் செய்துகொள்வதை விட்டார். பிறகு போன் அடித்தால் எடுப்பதை விட்டார். உப்பு ஒரு சிட்டிகை குறைந்தாலும் தட்டை நகர்த்துகிற மனிதர், ஒரு நாள் மனைவி உப்பே போட மறந்ததை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவள் பயந்தாள்.

அவள் பேக்கரியில் வேலை பார்த்தாள். ரொட்டியைத் துண்டு போடுவது, உறையில் இட்டு வாயைக் கட்டுவது, தட்டுத் தட்டாக அடுக்குவது. விடியும்போது போனால் மதியம் தாண்டி வருவாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்பாள்: "வலிக்குதாங்க?"

"ம்."

"நேத்தைக்கு இன்னைக்கு எப்படி?"

"அப்படியேதான்."

அவ்வளவுதான் அந்த வீட்டின் பேச்சு. அவர் புரண்டு படுத்தால் கேட்பாள். குளித்துவிட்டு வந்தால் கேட்பாள். அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்துக் கேட்பாள்.

வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கி, ஒரு காலையில் ரத்த வாந்தியில் கொண்டுபோய் விட்டன. டாக்டர் அவற்றை நிறுத்தினார். மனச்சோர்வுக்கென்று கொடுத்த மருந்தை இரண்டு விதமாக மாற்றிப் பார்த்தும் தலைசுற்றல் நிற்காததால், கவனமாகக் குறைத்துக் குறைத்து அதையும் நிறுத்தினார்.

"மருந்துதான் ஒரே வழின்னு இல்ல. வலியும் மனசும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கிடக்கு. ரெண்டுக்கும் சேர்த்தே கீழ் மாடியில பாக்கறாங்க. ஆனா மெதுவாத்தான் நடக்கும், அவசரப்படாதீங்க" என்றார்.

"மருந்தே கேக்காத வலி, பேச்சைக் கேக்கவா போவுது?" என்று லிஃப்டில் ரசமட்டம் முனகினார். பல நாள் கழித்து அவர் பேசிய நீளமான வாக்கியம் அது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

கீழ் மாடி அறையில் இருந்த ஆலோசகர் அம்மாவுக்குச் சரியான ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"வலி இல்லாதப்போ என்ன செய்வீங்க?"

"வலி இல்லாதப்போன்னு ஒண்ணு இருந்தாத்தானேம்மா."

"சரி. வலியோட என்ன செய்வீங்க?"

"படுத்திருப்பார்" என்றாள் மனைவி.

"அவரே சொல்லட்டுமே."

அவர் நாற்காலியில் லேசாக நகர்ந்தார். உடனே மனைவியின் கை கைப்பையிலிருந்து சின்னத் தலையணையை எடுத்து அவர் முதுகுக்குப் பின்னால் செருகியது. அவள் அதைத் தெரிந்து செய்ததாகவே தெரியவில்லை. ஆலோசகர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று நிறைய பேசினார்கள். தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியின் வெந்நீர்த் தொட்டியில் பயிற்சி. ஒரே நேரத்துக்குப் படுத்து ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். மனம் இருக்கிறதோ இல்லையோ, நாளைக்கு ஒரு வேலையாவது படுக்கையை விட்டு எழுந்து செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய மனைவி, கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் முகம் சுருங்கிப்போனாள்.

"வலிக்குதான்னு அவரைக் கேக்கறதை நீங்க நிறுத்தணும்."

"கேக்காம எப்படிங்க இருக்கறது? நான் கேக்கலேன்னா வேற யாரு கேப்பா?"

"உங்க மேல தப்பு சொல்லலம்மா. நீங்க கேக்கற ஒவ்வொரு தடவையும் அவர் உள்ள போயி வலியைத் தேடிப் பாத்துட்டு வர வேண்டியிருக்கு. வேற ஏதாவது பேசுங்க."

பேருந்தில் வீடு வரும்வரை அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இத்தனை வருடம் பார்த்துப் பார்த்துச் செய்ததையெல்லாம் யாரோ ஒரு மூக்குறிஞ்சி வந்து தட்டிவிட்டதுபோல் இருந்தது.

மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷத்தில் வாய் திறந்துவிட்டது.

"வலி..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "வலிய வந்து பேசினாங்க மேல் வீட்டுக்காரம்மா" என்று முடித்தாள்.

"என்ன பேசினாங்க?"

அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. "ஒண்ணுமில்ல, சும்மா" என்று உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஓர் ஊமைத்தனம் வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்க ஒன்றுமில்லை, சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு கூச்சம் இருந்ததில்லை. வலியை எடுத்துவிட்டால் தங்களுக்குள் பேச ஒரு சங்கதியும் மிஞ்சவில்லை என்பது இருவருக்கும் தெரிந்துபோயிற்று. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தொட்டிக்கு மட்டும் அவர் ஒழுங்காகப் போனார். இடுப்பளவு வெந்நீரில் ஆறேழு பேர், ஆளுக்கொரு இடத்தில் வலி. தையல்கார அம்மா ஒருவர் இருந்தார். கழுத்தைத் திருப்ப முடியாது, வாய் மட்டும் எல்லாப் பக்கமும் திரும்பும்.

"நம்மளப் பாத்தா அரிசியக் கழுவி ஊற வச்ச மாதிரியில்ல இருக்கு. எடுத்து வடிகட்டத்தான் ஆளக் காணோம்" என்றார்.

ரசமட்டம் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு அவருக்குப் பயமாக இருந்தது. சிரிப்பதைப் பார்த்தால், இவனுக்கு ஒன்றுமில்லை, இத்தனை நாள் நடித்தான் என்று நினைப்பார்களோ என்று சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார்.

சில வாரங்களில், ஒரு காலையில், உடம்பு லேசாக இருந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். குளியலறைச் சுவரில் இரண்டு டைல்ஸ் தளர்ந்திருந்ததை அவர் வெகுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சுக் கரண்டியை எடுத்தார். இரண்டோடு விடவில்லை. பக்கத்தில் இருந்ததும் சரியில்லை என்று தோன்றியது. அவள் வருவதற்குள் சுவரின் பாதியைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்து, இடுக்கையும் பூசிவிட்டிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார். அவர் முகத்தில் பழைய ஆள் தெரிந்தான்.

"கண்ணாடி மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

மறுநாள் அவரால் எழ முடியவில்லை. அடுத்த நாளும். வாரம் முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போனார். வலியைவிட மற்றதுதான் மோசமாகத் திரும்பி வந்தது. ஜன்னல் திரையைத் திறக்க விடவில்லை. ஒரு சாயங்காலம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் போய்ச் சேந்துட்டா உனக்காவது நிம்மதி."

அவள் அழவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. துவைத்த துணிகளைக் கட்டில் விளிம்பில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் அலுத்துப்போச்சுங்க" என்றாள். "கால் கடுக்க நின்னுட்டு வர்றேன். மணிக்கட்டு வீங்கிக் கிடக்கு. அதை இந்த வீட்ல சொல்ல வாய் வர்றதில்ல, உங்க வலிக்கு முன்னாடி இதெல்லாம் ஒரு வலியான்னு. ஆனா நீங்க போயிட்டா எனக்கு நிம்மதின்னு யார் சொன்னா? உங்ககிட்ட வந்து நான் சொன்னேனா?"

அவர் அவள் பக்கம் திரும்பிப் படுத்தார். வெகுநேரம் அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கீழ் மாடி அம்மாகிட்ட நீங்க சொன்னதை அப்படியே சொல்லணும். நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்" என்றாள்.

அவரே சொன்னார். ஆலோசகர் அவசரப்படவில்லை. அந்த எண்ணம் எப்போதிலிருந்து, எப்படிச் செய்வதென்றுகூட யோசித்திருக்கிறாரா என்று நேராகக் கேட்டார். யோசித்திருந்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி, தலையணையை எடுத்து அவர் முதுகுக்கு வைக்கக்கூட மறந்துபோனாள். வீட்டில் எதையெல்லாம் எடுத்து அப்புறப்படுத்த வேண்டும், அந்த எண்ணம் முற்றினால் யாரை உடனே கூப்பிட வேண்டும் என்று மூவருமாகப் பேசி முடிவுசெய்தார்கள். ஆலோசகர் டாக்டரையும் கீழே வரவழைத்தார். சில நாட்களுக்குத் தினமும் வரச் சொன்னார்.

ஓரளவு தெளிந்த பிறகுதான் குளியலறைச் சுவர் பற்றிப் பேச்சு வந்தது.

"கெட்ட நாள் உங்களை ஒண்ணும் பண்ணல. நல்ல நாள்தான் உங்களை அடிச்சுப் போடுது" என்றார் ஆலோசகர். "வலி நிறுத்தச் சொல்ற வரைக்கும் வேலை செய்யாதீங்க. கடிகாரம் சொன்னதும் நிறுத்துங்க. நல்லா இருந்தாலும் நிறுத்துங்க."

"பாதியில கரண்டியைக் கீழ வைக்கச் சொல்றீங்க."

"ஆமா."

"கலவை காஞ்சிடும்மா."

"கொஞ்சமா கலந்துக்குங்க."

வாழ்நாளில் அவருக்கு யாரும் இவ்வளவு கஷ்டமான வேலை கொடுத்ததில்லை. நடை நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே தெருமுனையிலிருந்து திரும்ப வேண்டும். பாத்திரம் கழுவினால் தொட்டியில் பாதியை விட்டுவிட்டு வந்து உட்கார வேண்டும். மீதிப் பாத்திரம் கிடக்கிறதே என்று மனம் அரித்தது. மெல்ல மெல்லப் பழகினார். சில வாரம் முன்னேறினார், சில வாரம் சறுக்கினார். தொட்டிக்கு வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர், வேலைக்காகாது என்று நின்றுவிட்டார். இவருக்கும் நின்றுவிடலாம் என்று அடிக்கடி தோன்றும். தையல்கார அம்மா கேட்பாரே என்றுதான் கிளம்பிப் போவார்.

அந்தச் சமயத்தில் மனைவியின் தம்பி வீட்டைப் புதுப்பித்தான். சாப்பிட வரச் சொல்லி இருவரையும் அழைத்திருந்தான். உள்ளே நுழைந்ததும் ரசமட்டத்தின் கண் தரைக்குப் போயிற்று. சாப்பிட்டு முடித்து எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது, நாற்காலியில் இருந்தபடியே காலால் ஒரு டைல்ஸைத் தட்டினார். டொக்கென்றது.

"யாருப்பா போட்டது? அடியில காத்து நிக்குது. இது ஒண்ணு, அது ஒண்ணு, அந்த வாசப்படிகிட்ட மூணு. ஒரு வருசம் தாங்காது."

மச்சானின் முகம் தொங்கிப்போயிற்று. தெருவுக்கு வந்ததுமே மனைவி பிடித்துக்கொண்டாள்.

"ஆசையா வீட்டைப் புதுசு பண்ணி வச்சிருக்கான். வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உங்களுக்கு?"

"உள்ளதைத்தானே சொன்னேன்."

"உள்ளதைச் சொல்ற நேரமா அது? கழுவின கைகூட அவனுக்கு இன்னும் காயல!"

"பின்ன எப்போ சொல்றது, உடைஞ்சப்புறமா? உன் தம்பிங்கிறதாலதான் சொன்னேன். வேற வீடுன்னா வாயே திறந்திருக்க மாட்டேன்."

"என் தம்பின்னா உங்களுக்கு எப்பவுமே இளக்காரம்தான். நம்ம கல்யாணத்தன்னைக்கே பாத்தேனே."

"கல்யாணத்தன்னைக்கு என்ன பண்ணேன்?"

பேருந்தில் ஏறியும் விடவில்லை. முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கி, தெருவில் நடந்து, கதவைத் திறக்கும்வரை சண்டை. சாவியைத் துளையில் வைத்தபடி அவள் நின்றாள்.

"எவ்வளவு நாளாச்சு நாம சண்டை போட்டு" என்றாள்.

அவர் யோசித்தார். "தெரியல" என்றார். பிறகு, "கல்யாணத்தன்னைக்கு நான் ஒண்ணும் பண்ணல" என்று சேர்த்துக்கொண்டார்.

வலி போகவில்லை. குளிர்காலத்தில் கூடும், சில காலைகளில் பல் துலக்கவே குனிய முடியாது. சுவரைப் பார்த்துப் படுக்கிற நாட்களும் வரும். ஆனால் அப்படி ஒரு நாள் வந்தால், அதை அவரே இப்போது வாய்விட்டுச் சொன்னார். ஒரு டைல்ஸ் கடையில் காலை வேளைக்கு மட்டும் சேர்ந்தார். எந்த அறைக்கு எவ்வளவு வேண்டும், எது வழுக்கும், எது வழுக்காது என்று வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். நடுவில் எழுந்து கடையைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வர, முதலாளியிடம் முன்கூட்டியே பேசிவைத்திருந்தார். பழைய கூட்டாளிகள் அங்கே பார்த்தால் ரசமட்டம் என்று கூப்பிடுவார்கள். அது சில நாள் பிடித்தது, சில நாள் குத்தியது.

ஆலோசகர் இனி மாதம் ஒரு முறை வந்தால் போதும் என்றார். கிளம்பும்போது ரசமட்டம் கதவருகே நின்று கேட்டார்.

"இது முழுசா போயிடுமாம்மா?"

"தெரியலிங்க. போகலாம், போகாமலும் இருக்கலாம்."

அந்த அம்மா பொய் சொல்லாதது அவருக்குப் பிடித்திருந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்தில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. மனைவி அவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்து, "நீ உக்காரு. நான் கொஞ்சம் நின்னுட்டு வர்றேன்" என்றார். அவள் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள். பேருந்து வரத் தாமதமாயிற்று.