மேட்டில் மட்டும் கொதிக்கும் கார்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்கா வீட்டுப் பழைய கார் மேடு ஏறும்போதெல்லாம் கொதித்து நின்றது. எனக்கும் அப்போது எழுத வேறு எதுவும் கிடைக்கவில்லை. காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், திட்டு வாங்காத அளவுக்குக் கதவை மெதுவாகச் சாத்துவதுதான்.

முதல் தொடக்கம்: ‘காலத்தைப் போலவே களைத்துப்போன ஒரு வாகனம், உருகும் சாலையில்…’

(வேண்டாம். களைத்தது வாகனமல்ல, வாக்கியம்.)

இரண்டாம் தொடக்கம்: பானட்டிலிருந்து ஆவி வந்தது. அத்தான் இறங்கினார்.

(இது இருக்கட்டும். நடந்ததும் இதுதான்.)

2

அக்கா நர்ஸ். பிள்ளைகள் பிறந்ததும் வேலையை விட்டவளுக்கு இப்போது மறுபடி வேலை கிடைத்திருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். காலை ஷிப்ட் தொடங்கிய பிறகுதான் முதல் பஸ்ஸே கிளம்பும். கார் மலை ஏறினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவளை மறுபடி வேலைக்குப் போகச் சொன்னதே அத்தான்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். காரையும் கணக்கு மாதிரியே அணுகினார். ரேடியேட்டரைக் கழுவினார், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை மாற்றினார், தெர்மோஸ்டாட் புதிதாகப் போட்டார், ஹோஸ்களை அமுக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு ஒவ்வொன்றாக விடுதலை செய்தார். வீட்டு வாசலில் ஓடவிட்டால் கார் பசு மாதிரி நிற்கும். மேட்டில் ஏறினால் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும்.

ஒன்றை மட்டும் அவர் சந்தேகிக்கவில்லை: போன மாதம் தன் கையாலேயே மாட்டிய புது ரேடியேட்டர் ஃபேன்.

3

(இங்கே எண்ணெய்க் கையோடு ஒரு மெக்கானிக் வந்தார். ஒரே தட்டில் கோளாறைக் கண்டுபிடித்து, வாத்தியாரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அவரைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். அப்படிப்பட்டவர் என் கதைக்குள்தான் வருகிறார், கூப்பிட்டால் வீட்டுக்கு வருவதில்லை.)

கண்டுபிடித்தது அக்கா. வெள்ளிக்கிழமை அத்தான் பள்ளிக்கூடம் போயிருந்தார். எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, அக்கா முன்பக்கக் கம்பித் தட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. தட்டியோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய துணி அவள் முகத்தில் வந்து விழுந்தது.

வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன், உள்காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. புது ஃபேனில் இரண்டு ஒயரும் கறுப்பு. அத்தான் மாற்றி இணைத்துவிட்டார். நின்றுகொண்டிருக்கும்போது எந்தப் பக்கம் வீசினாலும் காற்று காற்றுதான், சமாளித்துக்கொள்ளும். வேகமாகப் போனால் எதிர்க்காற்று ஃபேனை ஜெயித்துவிடும். மெதுவாக மேடு ஏறும்போதுதான் வம்பு. ஒரே கதவை ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளும் புருஷன் பெண்டாட்டி போல இரண்டு காற்றும் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

எஞ்சின் ஆறியதும் அக்கா பாட்டரியைக் கழற்றிவிட்டு ஒயர்களை மாற்றிப் போட்டாள். நான் ஒயரில் சுற்றும் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இலக்கியவாதியால் ஆன உதவி.

“அவர்கிட்ட மூச்சு விடாதே. எனக்காக ஓடியாடி எல்லாம் பண்ணிட்டு இருக்கார். கூலன்ட்தான் சரி பண்ணுச்சுன்னு இருந்துட்டுப் போகட்டும்” என்றாள்.

4

சனிக்கிழமை மதியம் மலை ஏறினோம். ஓட்டியது அக்கா. பக்கத்தில் அத்தான், மடியில் தண்ணீர் கேனோடு. பின்சீட்டில் நான்.

முடிவு (அ): முதல் வளைவிலேயே ஆவி. அக்கா வேலையை மறுத்துவிடுகிறாள்.

(இதை எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன்.)

முடிவு (ஆ): கார் ஏறிவிடுகிறது, அத்தான் கூலன்ட்டின் மகிமை பற்றிப் பாடம் நடத்த, அக்கா…

(இப்படித்தான் முடியும் என்று நானும் நினைத்தேன்.)

நடந்தது இது. முள் பாதியில் நின்றது, உச்சி வரை அசையவில்லை. அக்கா ஓரமாக நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை வருகிறேன் என்றபோது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. என் முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று தலையைச் சாய்த்துத் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அத்தான் கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஃபேன் சத்தம் மாறியிருக்கே. ஒயரை மாத்திப் போட்டியா?”

அக்கா ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள்.

“நான்தான் தப்பா மாட்டியிருக்கேன். சரி, நல்லதாப் போச்சு, நீ வேலைக்குப் போறே, அது போதும்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “உன் தம்பிக்கு மட்டும் தெரிய வேண்டாம். கதையா எழுதிடுவான்.”

அக்கா சிரித்தபடி கியரைப் போட்டாள்.

“எழுதட்டுங்க. அவன் எழுதுறதையெல்லாம் யார் படிக்கிறா?”

தூங்குகிறவன் இதற்கு எப்படிப் பதில் சொல்வது? இவ்வளவு தூரம் வந்துவிட்ட நீங்களே அவளுக்குச் சொல்லிவிடுங்கள்.