சொல்லிக்கொள்ளாமல் போன டெய்சி

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே கரட்டுமேட்டுக் கல்குவாரியின் தூசி, டெய்சி ஆய்வுக்கு வரும் நாள்களில் மட்டும் தரையில் தங்குவதில்லை. அவளுடைய ஜீப் ஊருக்குள் திரும்பியதுமே தென்னை ஓலை, ஓட்டுக்கூரை, எருமை முதுகு எல்லாவற்றிலிருந்தும் கிளம்பி, பனை உயரத்துக்கும் மேலே சாம்பல் நிறப் பாய் விரித்தாற்போல் நின்றுகொள்ளும். கிரஷர் அதுபாட்டுக்கு ஜல்லி உடைக்கும். புதிதாக எழும் துகளும் நேராக மேலே போய்ச் சேர்ந்துகொள்ளும். மாசுக் கட்டுப்பாட்டுப் பொறியாளரான டெய்சி, காற்றை அளக்கும் கருவியைக் கீழே வைத்தால் அது மலைக்காட்டுக் காற்றின் அளவைக் காட்டும். ஆய்வை முடித்து அவள் ஜீப் ஏறியதும் பாய் மொத்தமாக ஊர்மேல் விழும்.

புகார் கொடுத்தவள் பாவாத்தாள். அவள் வீட்டுக்காரர் சின்னான் அதே குவாரியில் வெடிக்குழி போட்டவர். இப்போது ஒவ்வொரு மூச்சையும் ஆழக் கிணற்றிலிருந்து சேந்துவதுபோல் இழுத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார். இன்னொரு கோடைக்கு இந்தத் தூசியைத் தின்றால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டெய்சி மேலே நின்ற பாயைப் படம் பிடித்து மேலதிகாரி ஆரோக்கியதாஸிடம் காட்டினாள். படத்தில் அது மழைமேகமாகத்தான் விழுந்திருந்தது. "மேகத்துக்கு எப்படீம்மா நோட்டீஸ் குடுக்கறது?" என்று அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அடுத்த முறை யாருக்கும் சொல்லாமல் உக்கடத்தில் டவுன் பஸ் ஏறி, துப்பட்டாவால் முக்காடு போட்டுக்கொண்டு போனாள். ஊரில் இறங்க அவள் பஸ் படியில் கால் வைக்கும் முன்பே, வாத்தியாரைக் கண்ட வகுப்பைப்போல் தூசி எழுந்து நின்றது. குவாரி மேனேஜர் சென்னகிருஷ்ணன் இளநீர் சீவிக்கொண்டு வந்தார். "எங்கூர்த் தூசிக்குக்கூட மரியாதை தெரியுமுங்க மேடம். குடியுங்க, வெய்யில்ல வந்திருக்கறீங்க." டெய்சி இளநீரை வாங்கி அப்படியே மண்ணில் ஊற்றினாள். அந்த இடத்தில்கூடப் புழுதி கிளம்பவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவள் பாவாத்தாள்தான். "ஏனுங்க அம்மணி, நீங்க கெளம்பயில எல்லாம் 'வாரேனுங்க'ன்னு சொல்லிப்போட்டுத்தானுங்க போறீங்க? அதைக் கேட்ட பொறகுதானுங்க அது எறங்குது."

யார்தான் 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்? ஆனால் டெய்சிக்கு ஒரு வழி தோன்றியது. மறுவாரம் கருவியை ஓடவிட்டு, எழுந்து நின்று, "வாரேனுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். தூசி ஏமாந்தது. மூட்டை அவிழ்ந்ததுபோல் கொட்டி, கருவியில் எண் எகிறியது. இருமிக்கொண்டே சிரித்தாள். ஆரோக்கியதாஸ் அளவுகளைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். "வாரேன்னு சொல்லிட்டீங்கன்னா ஆய்வு முடிஞ்சுதுன்னு அர்த்தமுங்க. முடிஞ்ச பொறகு எடுத்த அளவு செல்லாது." டெய்சி அவர் மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று கொட்டியதிலிருந்து சின்னானால் படுக்கவே முடியவில்லை என்றும், உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்றும் பாவாத்தாள் போனில் சொன்னாள்.

கடைசி ஆய்வுக்குப் போன அன்றும் கருவி சுத்தமான காற்றைத்தான் காட்டியது. டெய்சி பாவாத்தாள் வீட்டில் காபி குடித்தாள். கிளம்ப எழுந்தபோது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். வார்த்தை உதடுவரை வந்துவிட்டது. சாவு வீட்டிலிருந்துதான் சொல்லிக்கொள்ளாமல் போவார்கள். உயிரோடு ஒருவர் கட்டிலில் இருக்கும் வீட்டில் எப்படி அதைச் செய்வது?

"சொல்லாமப் போயிருங்க அம்மணி. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்" என்றாள் பாவாத்தாள்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த சின்னான் மூச்சைச் சேர்த்து வைத்துச் சொன்னார். "எளவு ஊட்டுல இருந்து போறாப்புலயே போங்க கண்ணு. எளவு உழுகாம இருக்குமல்லோ."

டெய்சி பல்லைக் கடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். ஜீப் போய்விட்டது. தூசி காத்திருந்தது. மறுநாளும் காத்திருந்தது. அந்த வாரம் சின்னான் கால் நீட்டிப் படுத்தார்.

அறிக்கையில் 'குறை ஏதும் காணப்படவில்லை' என்று எழுதி டெய்சியே கையெழுத்துப் போட்டாள். பேனா முனை தாளைக் கிழித்தது. குவாரி இப்போது இரவு ஷிஃப்டும் ஓட்டுகிறது. அவள் ஈரோட்டுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அந்த ஊர்ப்பக்கம் இனி அவளால் போகவே முடியாது. போனால் மறுபடியும் சொல்லிக்கொள்ளாமல் திரும்ப வேண்டும்.

தூசியின் காதில் விழுந்துவிடுமோ என்று உள்ளூர்க்காரர்களும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதை விட்டுவிட்டார்கள். பேச்சின் நடுவில் எழுந்து போய்விடுகிறார்கள். பெண் கொடுத்த சம்பந்திமார் முகம் சுளிக்கிறார்கள். மேலே பாய் தடித்துக்கொண்டே போகிறது. கோழிகள் மூன்று மணிக்கே அடைகின்றன. துணி காய இரண்டு நாள் ஆகிறது. மத்தியானப் பஸ் ஊர் எல்லையில் விளக்கைப் போட்டுக்கொள்கிறது. "இருட்டு ஸ்டாப்பெல்லாம் எறங்குங்க" என்று கண்டக்டர் முகமது ரியாஸ் குரல் கொடுக்கிறார். இறங்குகிறவர்கள் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, நன்றாக மூச்சு விட்டபடி வீட்டுக்கு நடக்கிறார்கள்.