ஆறு வெள்ளைப் பின்கள்

ஹாலாஸ்யம் குருக்களுக்குக் கிட்டார் என்றாலே ஆகாது. வீட்டில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது, 'அது' தான். "அதை எடுத்துண்டு மாடிக்குப் போ", "அது இன்னும் அடங்கலையா?" என்றே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு, தெருக்கோடியில் அவர் பூஜை செய்யும் சின்னச் சிவன் கோயில். ஒரே பெண் மதுவந்தி தனியார் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தோதாக இருக்கும் என்று ஆசைப்பட்டு அவள் கிட்டார் வாங்கிவந்த அன்று, அவர் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யார் வீட்டுக் கல்யாணமானாலும் போய் வாயார வாழ்த்திவிட்டு வருகிற மனுஷருக்கு, தன் வீட்டு மாடியில் ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பது மட்டும் காதில் விழவே விழாது.

மதுவந்திக்கு அது வலித்தது. பள்ளிக்கூட விழாவில் முந்நூறு பேர் கைதட்டியதெல்லாம் அவளுக்குக் கணக்கில்லை. அப்பா ஒரு தடவை மாடியேறி வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

புரட்டாசி பிறந்த வாரம் புதுக் கம்பி மாட்டும்போது ஒரு பின் உடைந்துபோனது. கிட்டாரின் வயிற்றில் ஒரு கட்டை ஒட்டியிருக்கும், பிரிட்ஜ் என்பார்கள். அதில் ஆறு துளைகள். கம்பியின் நுனியில் இருக்கும் சின்ன உருண்டையைத் துளைக்குள் இறக்கி, அது வெளியே வந்துவிடாதபடி மேலிருந்து ஒரு பின்னைச் செருகி இறுக்க வேண்டும். அரை விரல் நீளம்கூட இராது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிற சாமான். அதில் போய் இத்தனை விவகாரம் இருக்கும் என்று யார் கண்டார்கள்?

சிம்மக்கல்லில் ஒரு எவர்சில்வர் மொத்தக் கடைக்கு மேலே ஜெயபாண்டியின் பட்டறை. ஹார்மோனியம், கீபோர்டு, கிட்டார் எல்லாம் பழுது பார்ப்பவர். வேலையைவிடப் பேச்சு கொஞ்சம் கூடுதல்.

"டீச்சர், பிளாஸ்டிக்கு பின்னு இம்புட்டு நாளு தாங்குனதே பெருசு. வேற செட்டு போட்டுப் பாக்குறீகளா? இதுல பாதிப் பேரு வித்தியாசமே இல்லேம்பான். பாதிப் பேரு உசுரே அதுலதேன் இருக்கும்பான். நான் ஒண்ணும் சொல்லல. உங்க காது, உங்க பாடு."

ஒவ்வொரு செட்டாக மாட்டிக் காட்டினார். முதலில் புது பிளாஸ்டிக். ஒருவர் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது, பழகின சத்தம்தான். அடுத்தது பித்தளை. மீட்டினதும் பளிச்சென்று வந்தது, ஆனால் கீழே கடையில் தட்டுகளை இறக்கிவைக்கும் சத்தத்துக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. மூன்றாவதாக வெள்ளையாக, லேசாக மஞ்சள் பாரித்த ஆறு பின்களைச் செருகி, கம்பியை முறுக்கிச் சுருதி கூட்டி அவளிடம் கொடுத்தார். இரண்டாவது கம்பியைத் தொட்டாள். இதுவரை அந்தக் கம்பி முனகிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சத்தம் தெளிவாகப் புறப்பட்டு, கரகரப்பில்லாமல், அவசரமே படாமல் அடங்கியது.

"அண்ணே, இதையே போடுங்க."

ஜெயபாண்டி தலையைச் சொறிந்தார். "இது மாட்டு எலும்பு டீச்சர். உங்க வீட்டுக்குச் சரிப்படுமா? ஐயரு வீடுன்னு சொன்னீகளே. கருங்காலி மரத்துல ஒரு செட்டு வச்சிருந்தேன், போன வாரந்தேன் போச்சு. ஊரே கருங்காலி மாலை போட்டுத் திரியுது, எனக்குப் பின்னு கடைய ஒரு துண்டு சிக்க மாட்டேங்குது. ஒரு மாசம் பொறுத்தீகன்னா வரவச்சுத் தாரேன்."

பொறுத்திருக்கலாம். ஆனால் காதில் அந்தச் சத்தம் ஏறி உட்கார்ந்துவிட்டதே. "மாடியிலதானே இருக்கப் போறது. யாருக்குண்ணே தெரியப் போறது?" என்றாள். அவர் அந்தப் புது பிளாஸ்டிக் செட்டையும் ஒரு காகிதத்தில் மடித்து, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவள் பையில் போட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் மாடியில் வாசித்துக்கொண்டிருந்தாள். கல்யாணி. அவசரமில்லாமல், ஒரு ஸ்வரம் அடங்கின பிறகு அடுத்தது. படியில் காலடி கேட்டது. அம்மா விஜயம் காப்பி கொண்டுவருகிறாள் என்று நினைத்து நிமிர்ந்தால் அப்பா நிற்கிறார். கோயிலுக்குப் புறப்பட்ட கோலம், இடுப்பில் சாவிக்கொத்து.

"நிறுத்தாதே" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

அவள் வாசித்தாள். கை ஓடவில்லை, இருந்தும் வாசித்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கோயிலில் சாயரட்சைப் பூஜைக்குக் கால்மணி தாமதம். இருபத்தெட்டு வருஷத்தில் அப்படி நடந்ததாக அம்மாவுக்கு ஞாபகமில்லை. எழுந்திருக்கும்போது குனிந்து பிரிட்ஜைப் பார்த்தார். "இது புதுசா இருக்கே. தந்தமா?"

"பிளாஸ்டிக்தான்ப்பா."

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லும் பிள்ளைகளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுகிற டீச்சர்!

"பிளாஸ்டிக்கா இப்படிப் பேசறது!" என்று வியந்துகொண்டே அவர் இறங்கிப் போனார். அன்றிலிருந்து 'அது' போய் 'கிட்டார்' வந்தது.

நவராத்திரி பிறந்ததும் கிட்டார் மாடியிலிருந்து கூடத்துக்கு இறங்கியது. கொலுவுக்கு முன்னால் விளக்கேற்றினதும், "மது, வாசி" என்பார். சுண்டல் வாங்க வந்தவர்களிடம், "என் பொண்ணு. கேளுங்கோ" என்று சொல்லிக்கொண்டார். மூன்றாம் நாளே பின்களை மாற்றிவிடுவது என்று அவள் தீர்மானித்தாள். சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்ததும், நாளைக்கு ஆகட்டும் என்று தோன்றியது. இப்படியே நாலு நாளைக்கு. வாசிக்கிற நேரமெல்லாம் சந்தோஷம், வாசித்து முடித்ததும் அவசரமாக உறைக்குள் போட்டு மூடிவிடுவாள். அம்பாள் பொம்மைகள் எல்லாம் தன் கையையே பார்ப்பதாகப் பட்டது.

எட்டாம் நாள் சாப்பிடும்போது அவர் சொன்னார்: "சரஸ்வதி பூஜைக்குப் பொஸ்தகத்தோட உன் கிட்டாரையும் வச்சுடலாம். நம்மாத்துல வாத்தியம்னு ஒண்ணு வச்சதே இல்லையே."

இனித் தள்ள முடியாது. பூஜையன்று காலை அவர் கோயிலிலிருந்து திரும்பப் பத்து மணியாகும், அதற்குள் கழற்றி பிளாஸ்டிக்கைப் போட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டாள். விடிந்ததும் அம்மா பூ வாங்கிவரச் சொன்னாள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் அன்றைக்கு எள் போட்டால் எள் விழாது. ஊரிலுள்ள லாரி, ஆட்டோ, லேத் பட்டறை எல்லாவற்றுக்கும் அன்றுதானே மாலை. பூவை வாங்கிக்கொண்டு வெளியே வரவே எட்டரை ஆகிவிட்டது, பஸ்ஸோ நகரமாட்டேன் என்றது. வீட்டுக்குள் நுழையும்போது ஒன்பதேகால். பூஜை அறையில் அப்பா.

"வா வா. இன்னிக்குச் சீக்கிரம் முடிச்சுண்டு வந்துட்டேன். நானே எடுத்து வச்சுட்டேன், பாரு."

புத்தக அடுக்குக்குப் பக்கத்தில், அவருடைய பட்டு வேஷ்டியை நாலாக மடித்து விரித்து, அதன்மேல் கிட்டாரைச் சாய்த்துவைத்திருந்தார். தலையில், கழுத்தில், வயிற்றில் சந்தனம், குங்குமம். பிரிட்ஜில் ஆறு பின்களுக்கும் தனித்தனியாக, மோதிர விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்திருந்தார். மதுவந்திக்குக் காதை அடைத்தது. பூஜையில் வைத்தால் வைத்ததுதான், மறுநாள் புனர்பூஜை முடிகிறவரை ஒருவரும் தொடக்கூடாது. பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய் நின்றாள்.

"என்னடி மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் விஜயம். வடைக்கு அரைத்த மாவு கையில்.

எல்லாவற்றையும் சொன்னாள். விஜயம் மாவுக்கையோடு சுவரில் சாய்ந்துகொண்டாள். குரலைத் தாழ்த்தி, "வாயைத் தொறக்காதே. நாளைக்குக் கையில வந்ததும் கழட்டிக் குப்பையில போடு. நீயும் சொல்ல வேண்டாம், நானும் கேக்கலே. அவர் இதைத் தாங்கமாட்டார்" என்றாள். பிறகு எதுவும் நடக்காததுபோல் எண்ணெயை அடுப்பில் வைத்தாள். கெட்டிக்காரி. அவள் அப்படி எத்தனையை விழுங்கி இந்தக் குடும்பத்தை நடத்தியிருக்கிறாளோ!

மறுநாள் விஜயதசமி. அப்பா புனர்பூஜை முடித்து, கற்பூரம் காட்டி, கிட்டாரை இரண்டு கையாலும் எடுத்து மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். மாடிக்குப் போய்விட்டால் கால்மணி வேலை, எல்லாம் முடிந்துவிடும். அம்மா வாசற்படியில் நின்று கண்ணாலேயே அதைத்தான் சொன்னாள்.

"ஒக்காரு, மது. ஒண்ணு சொல்லணும்" என்றார் அப்பா. அவருக்கு இந்த மாதிரிப் பேசிப் பழக்கமில்லை. அங்கவஸ்திரத்தின் நுனியை முறுக்கிக்கொண்டே பேசினார். "ரெண்டு வருஷமா இதைக் கேக்காமலே வேண்டாம்னேன். தப்பு. நீ எங்கிட்ட ஒண்ணுமே மறைச்சதில்லை, வீட்டுக்குத் தெரிஞ்சுதான் கத்துண்டே. நான்தான் கதவைச் சாத்த வச்சேன். இன்னிக்குச் சாயரட்சைக்குக் கோயிலுக்கு வா. அம்பாள் சன்னதியில ஒக்காந்து வாசி. நான் சொல்லிட்டேன், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டா."

இரண்டு வருஷமாக எதற்கு ஏங்கினாளோ அதற்கு மேலேயே கிடைத்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும். ஆனால் 'ஒண்ணுமே மறைச்சதில்லை' என்ற சொல்லையும் வாங்கிக்கொண்டு எப்படிப் போய் வாசிப்பாள்?

"அப்பா, இந்தப் பின் பிளாஸ்டிக் இல்லை."

"பின்னே?"

"எலும்பு. மாட்டு எலும்பு."

வாசற்படியில் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா தன் வலதுகை மோதிர விரலைப் பார்த்தார். 

"கடைக்காரன் சொல்லாம ஏமாத்திட்டானா?"

தப்பிக்க ஒரு வழி அப்பாவே காட்டுகிறார். ஜெயபாண்டி எங்கே வந்து சாட்சி சொல்லப்போகிறார்? "இல்லைப்பா. அவர் சொன்னார். நான்தான் பரவாயில்லைன்னேன்" என்றாள். பிறகு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்துகொண்டன. "மிருதங்கத்துல தோல் இல்லையாப்பா? அது உள்ள வரதே!"

"எனக்குத் தெரியாதா? தோல்னு தெரிஞ்சுதான் உள்ளே விடறேன்" என்றார். குரல் உயரவில்லை. "இதைத் தெரியாம இல்லையோடி பொட்டு வச்சேன்."

எழுந்து போய்த் தலைக்கு ஜலம் விட்டுக்கொண்டார். ஈர வேஷ்டியோடு வந்து, செம்பில் தண்ணீர் எடுத்து மந்திரம் சொல்லி, மாவிலையால் பூஜை அறை முழுக்கத் தெளித்தார். மகள்மேலும் தெளித்தார். கிட்டார்மேல் தெளிக்கக் கை போய், தயங்கி, பிறகு தெளித்தது. திட்டினால் தேவலை என்று மதுவந்திக்கு இருந்தது. அவர் திட்டவில்லை.

"பிளாஸ்டிக் இருக்கா?"

"இருக்கு."

"மாத்து."

அவர் எதிரிலேயே கம்பிகளைத் தளர்த்தி ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். குங்குமம் ஒட்டிய ஆறு பின்களையும் அம்மா ஒரு காகிதத்தில் வாங்கிக்கொண்டு வெளியே போனாள். பிளாஸ்டிக்கைச் செருகி, கம்பியை முறுக்கிச் சுருதி கூட்டினாள். 

"வாசி."

கல்யாணி. அதே ராகம், அதே விரல். பின் மாறியதாலோ, அவள் விரல் நடுங்கியதாலோ, இல்லை கேட்கிறவர் மனசிலேயே ஏதோ அறுந்துபோனதாலோ, சத்தம் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார். இரண்டாவது கம்பிக்கு வரும்போதெல்லாம் அவர் புருவம் லேசாக உயர்ந்து இறங்கியது.

முடித்ததும் கண்ணைத் திறந்தார். "அது வரலையே, மது."

"வராதுப்பா."

"ஏண்டி சொன்னே?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "மறைக்க முடியலைப்பா" என்றாள்.

"நீ சொல்லலேன்னா இன்னிக்குச் சாயங்காலம் அம்பாள் முன்னாடி அதைக் கேட்டிருப்பேன்" என்றார். கண்ணில் நீர் நிறைந்திருந்தது. "இனிமே எப்படிக் கேப்பேன்?"

அவள் ஒரு மாதத்தில் கருங்காலி வந்துவிடும் என்று சொன்னாள், அதுவும் நன்றாகவே பேசும் என்றாள். அவர், ஆகட்டும், வரட்டும் என்றார். சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தட்டிலிருந்த பூவை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். சாயங்காலம் வரச்சொன்னதைப் பற்றி அவர் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.