திரையில் வந்த கை

பிரேமலதா தொடர் பார்க்க உட்கார்ந்தால் நடிக்கிறவர்களை லேசில் விடமாட்டாள். "வீட்டு வேல செய்யுதவளாம், நகத்தப் பாரேன் எம்புட்டு நீளம்" என்பாள். "குடத்த இடுப்புல வைக்கத் தெரியல, இவ தண்ணிக்கு வரிசையில நிக்குதாளாம்" என்பாள். ஆள் பொருந்தவில்லை என்று முதல் பத்து நிமிடத்தில் தோன்றிவிட்டால், அப்புறம் அழுதாலும் செத்தாலும் அவளிடம் எடுபடாது. தாராவியில் அவர்கள் சந்தில், அவள் நன்றாயிருக்கிறது என்று சொன்ன தொடரைத்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்டவளைத் தேடித்தான் படக் கம்பெனி ஆள் மாதவ் வந்தான். ஏதோ இந்தித் தொடராம். கதாநாயகி தாராவியில் கைமுறுக்கு சுற்றிப் பிழைக்கிற தமிழ்ப் பெண்ணாம். மூன்று நாள் சொல்லிக்கொடுத்தும் மாவு அந்த நடிகையின் விரலில் ஒட்டியதே தவிர முறுக்கு விழவில்லை. பிரேமலதாவோ இருபத்திரண்டு வருடமாக முறுக்கு சுற்றி மாட்டுங்கா கடைகளுக்குக் கொடுக்கிறவள். கையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், முகம் நடிகையுடையது என்றான் மாதவ்.

"மொகமும் என்னதாவே இருந்தா என்ன?" என்று விளையாட்டுக்குக் கேட்டாள்.

"கோன் தேகேகா, ஆண்ட்டி?" என்று சிரித்தான். யார் பார்ப்பார்களாம்! அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் போனாள்.

தாராவிக் கதைக்குச் செம்பூரில் ஒரு கொட்டகைக்குள் தாராவியைக் கட்டிவைத்திருந்தார்கள். இரண்டு நாள் அங்கே உட்கார்ந்து சுற்றினாள். தொடர் வெளிவரும்வரை மூச்சுவிடக்கூடாது என்று இந்தியில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். கோவண்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று புருஷன் மாரிக்கண்ணனிடமே பொய் சொன்னாள். நான்கு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது அவளுக்கு லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் ஒரே ஒரு ஆசை இருந்தது. திரையில் பார்த்ததும் மாரிக்கண்ணன், "ஏட்டி, இது ஒன் கைல்லா!" என்று துள்ள வேண்டும். அதற்காக இன்னும் நான்கு மாதம்கூட இருந்திருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடர் இணையத்தில் வந்தது, டிவியில் போட்டார்கள். மாரிக்கண்ணன் அணுசக்தி நகரில் ஊழியர் பஸ் ஓட்டுகிறவர், அன்றைக்கு லீவு. பக்கத்து வீட்டு ராபியாவையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

கதாநாயகி வந்தாள். முகத்தில் அப்பியிருந்த கறுப்பு காதுக்குப் பின்னால் எட்டவில்லை. வேறொரு நாளாயிருந்தால் பிரேமலதா அப்போதே பிய்த்து உதறியிருப்பாள். இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

பிறகு கை வந்தது. திரை முழுக்க அந்தக் கைதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே துணியில் இறக்கின. ஐந்து சுற்று, கொஞ்சமும் பிசகவில்லை. பிரேமலதா ஓரக்கண்ணால் புருஷனைப் பார்த்தாள்.

மாரிக்கண்ணன் கடகடவென்று சிரித்தார்.

"மூஞ்சி இருவது வயசு, கை அறுவது வயசு! எவளோ கெழவி கையக் கொண்டாந்து ஒட்டிருக்கானுவ. நம்புத மாதிரியா இருக்கு? பாத்தியா, ஒன்னய முந்திக் கண்டுபிடிச்சிட்டேன்."

கண்டுபிடித்த பெருமையோடு அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு நாற்பத்தொன்றுதான் ஆகிறது.

"அது என் கை" என்றாள்.

"சும்மா கெட. ஒன் கை எனக்குத் தெரியாதா?"

ராபியா திரையைப் பார்த்தாள், பிரேமலதாவின் மடியைப் பார்த்தாள். "அண்ணே, கட்டவெரல்ல அந்தத் தழும்பப் பாருங்க. போன நோம்புக்கு எங்களுக்கு முறுக்கு சுட்டுத் தரும்போதுதான அக்கா கையில எண்ண தெறிச்சிது?" என்றாள். சொல்லிவிட்டு, இருக்கலாமா போகலாமா என்று தெரியாமல் தலைகுனிந்துகொண்டாள்.

மாரிக்கண்ணன் படத்தைப் பின்னால் ஓட்டினார். மறுபடியும் பார்த்தார். "ஏட்டி, மொதல்லயே சொல்லிருக்கலாம்லா? இப்பப் பாத்தா நல்லாத்தான் இருக்கு. பொருந்தத்தான் செய்யுது" என்றார்.

பொய். அவர் முதலில் சொன்னதுதான் சரி, அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. அந்த முகத்துக்கு அந்தக் கை ஒட்டவே இல்லை. வேறு யாருடைய கையாக இருந்திருந்தாலும் அவரை முந்திக்கொண்டு அவளே சொல்லியிருப்பாள். குறை பார்க்கிற கண்ணை அவருக்குக் கொடுத்ததும் அவள்தான். அந்தக் கண்ணுக்கு ஒட்டுவேலை தெரிந்தது. தினமும் சோறு போடுகிற கை மட்டும் தெரியவில்லை. மாதவை வைய வேண்டுமா, இந்த மனுஷனை வைய வேண்டுமா என்று அவளுக்குப் புரியவில்லை.

மாரிக்கண்ணன் கை வந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, சமாதானமாகச் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"எங்க, கைய இங்கிட்டு நீட்டு. ஒத்துப் பாப்பம்."

நான்கு மாதமாகக் காட்டக் காத்திருந்த கையை அவள் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"போங்க" என்றாள். "அந்தக் கெழவியத் தேடிக் கண்டுபிடிச்சு, அவ கையப் பாருங்க."