வால் வளர்ந்த வழக்கு

ஆட்டுக்குக் காது வெட்டி அடையாளம் வைப்பது போலத்தான் காசி மீனுக்கு வால் வெட்டினான். உத்திரமேரூர் பக்கத்து ஊர்க் குளத்தில் அவனும் சின்னராசுவும் ஆளுக்கு இருநூறு கெண்டைக் குஞ்சு விட்டார்கள். ஊர்க்கோடி இருளர் குடிசைக்காரனான காசிக்குக் குளத்தில் பங்கு கிடைத்தது அதுதான் முதல் தடவை. வில்லங்கம் வரக்கூடாதென்று தன் குஞ்சு ஒவ்வொன்றுக்கும் வால் நுனியைக் கத்தரித்து விட்டான்.

ஐந்து மாதம் கழித்து வலை இழுத்தால், ஒரு மீனுக்கும் வெட்டுவால் இல்லை.

"அப்போ எல்லாம் என்துதான். உன்து செத்துப் பூட்ச்சி," என்றான் சின்னராசு.

"இருநூறும் ஒண்ணா சாவுமாண்ணா? எங்க மெதந்துச்சி?"

பஞ்சாயத்துத் தலைவர் ஆனந்தன் தலையைச் சொறிந்தார். "வெட்டு இல்லன்னா மீனு இல்ல காசி. இனிமே உனுக்குப் பங்கும் இல்ல."

காசி வலையைப் புரட்டி மறுபடி ஒவ்வொரு வாலாகப் பார்த்தான்.

வாய்க்காலில் பொடிமீன் பிடிக்க வந்திருந்த ஸ்வேதா, காலேஜில் மீன் ஆராய்ச்சி செய்கிறவள், கேட்டுச் சிரித்துவிட்டாள். "வால் திரும்ப வளந்திருக்கும் சார். வெட்டுன எடத்துல இருக்கற செல்லுங்க பழைய வேலைய மறந்துட்டு மொட்டு மாதிரி ஒண்ணு கூடும். ஜீனுங்க சொல்றபடி வளந்து, பழைய அளவு வந்ததும் நின்னுடும்."

"செதிலு?" என்றான் காசி.

"வளரும்."

"மீசை?"

"அதுவும். சில மீனுக்கு இதயத்துல கொஞ்சம் வெட்டுனாக்கூட வளருது."

"இன்னா பேஜாரா கீது! தல?"

"தலை வளராது."

"அத்த வெட்டி வுட்டுருக்கணும்டா நீ," என்றான் சின்னராசு.

மீனெல்லாம் குளத்துக்கே திரும்பின. ஒன்றை மட்டும் சோதித்துப் பார்க்க வால் வெட்டி, பஞ்சாயத்து ஆபீஸ் தொட்டியில் விட்டார்கள். இருபது நாளில் வால் முழுசாக வந்துவிட்டது.

"மீனை மாத்திட்டானுங்க! இதான் அதுன்னு இன்னா அடையாளம்?" என்று குதித்தான் சின்னராசு.

அடையாளம்தான் வளர்ந்துவிட்டதே.

ஆனந்தன் மறுபடி வெட்டி, சின்னராசுவையே காவல் வைத்தார். நாஷ்டா, தூக்கம் எல்லாம் தொட்டியோரம். நடவுக்குப் போகிற காசி தினமும் அந்த வழியாகத்தான் போனான். எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நாலாம் நாள் சின்னராசு வேடிக்கை பார்க்க வந்தவர்களை விரட்டினான்: "நெழல் வுழ வக்காத, மொளைக்கிறது நின்னுடும்!"

இருபதாம் நாள் ஊர் கூடியது. சின்னராசுவின் மச்சான் காதோரம் குனிந்தான். "வளரலன்னு சொல்லிடு மாமா. மீனு பூரா நம்புளுது."



"முட்டி தேய குந்திகினு பாத்தவன் நானு! இல்லன்னு சொல்லச் சொல்றியா?" சின்னராசுவுக்கு முகம் சிவந்தது. "கண்ணாடி மாதிரி மொளைச்சி, கோடு கோடா ஓடி வளந்துச்சி. நீ பாத்தியா? வந்துட்டான் பேச!"

பாதிக்குப் பாதி என்று தீர்ப்பானது. பங்கு பிரிக்கிற வேலையையும் சின்னராசு யாருக்கும் விடவில்லை. ஒவ்வொரு மீனையும் வெயிலில் தூக்கி வாலைப் பார்த்தான்.

"இது உன்து, புதுவாலு. இது என்து. இது உன்து."

காசிக்கு எல்லா வாலும் ஒன்றாகத்தான் தெரிந்தது. கூடையை நன்றாக நீட்டிப் பிடித்தான்.