அன்ரோனெற் பி.எஸ்சி.

பஸ்ஸை விட்டு இறங்கிய அன்ரோனெற் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடற்கரைக்கு வரச் சொல்லி அப்பா போனில் அவ்வளவு அவசரப்படுத்தியிருந்தார்.

வங்காலைக் கரையில் புதுப் படகு ஒன்று நீலப் பெயின்ற்றில் பளபளத்தது. அப்பா லோறன்ஸ் அதன் முன்பக்கத்தை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"கண்ணை மூடு பிள்ளை."

மூடித் திறந்தாள். முழ உயர வெள்ளை எழுத்தில் 'அன்ரோனெற் பி.எஸ்சி.' என்றிருந்தது.

அந்தக் கரையில் படகுகளுக்குப் புனிதர்களின் பெயர் இருக்கும்; பெண்பிள்ளைகளின் பெயரும் இருக்கும். பட்டம் வாங்கிய படகு இதுதான் முதல்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய சுவாமி வந்து தீர்த்தம் தெளிச்சுப் படகை மந்திரிக்கப்போறார். நீதான் முன்னால மெழுகுதிரியோட நிக்கவேணும்."

அன்ரோனெற் சிரித்து வைத்தாள். சொல்ல வந்த செய்தியைப் பிறகுக்கு ஒத்திவைத்தாள்.

பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் முடிந்திருந்தது. இப்போது வெளியே வந்தால் பி.எஸ்சி. நிச்சயம், மன்னாரில் நண்டு பதனிடும் கொம்பனியில் வேலையும் காத்திருந்தது. ஆனால் தாவரவியல் சிறப்புப் பட்டத்துக்கு அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். அதற்கு இன்னொரு வருடம் இருக்கவேண்டும். அதுவரை பட்டம் கிடையாது. திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அவளுக்குப் படிக்கத்தான் ஆசை.

வீட்டில் அம்மா திரேசம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"படகைப் பாத்தியோ? பெயின்ற் அடிக்கிறவனுக்குப் பக்கத்திலயே குந்தியிருந்தவர் உன்ர கொப்பர். சோத்தையும் அங்கதான் கொண்டுபோய்க் குடுத்தனான்."

"அம்மா, நான் வேலைக்குப் போறன்."

"போவன். அதை ஏன் செத்தவீட்டுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுறாய்?"

அன்ரோனெற் எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனக்கு எது விருப்பம்?"

"படிக்க."

"அப்ப படி."

"படகில எழுதியாச்சே அம்மா! ஊர் முழுக்கச் சிரிக்குமே அப்பாவை!"

"சிரிச்சிட்டுப் போகட்டும். ஆனா அந்த மனுசனிட்ட நீதான் சொல்லவேணும். எனக்கு ஏலாது."

சனிக்கிழமை முழுவதும் அவள் முயன்றாள். அப்பாவோ யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ப் படகைக் காட்டிக்கொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சொல்ல மனம் வரவில்லை. கடைசியில், வேலைக்கே போய்விடுவோம் என்று முடிவெடுத்தாள்.

ஞாயிறு காலை பாதி ஊர் கரையில் நின்றது. படகின் மூக்கில் பூமாலை. லோறன்ஸ் மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டில் நின்றார். சுவாமியார் பெயரை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"பட்டமளிப்பு எப்ப பிள்ளை?"

"இந்த வருஷமே, சுவாமி!" என்று லோறன்ஸ் முந்திக்கொண்டார்.

'ஓம்' என்று ஆமோதித்தால் போதும். அன்ரோனெற் சுவாமியார் கையிலிருந்த தீர்த்தச் செம்பைப் பார்த்தாள். தீர்த்தம் தெளித்துவிட்டால் அந்தப் பெயர் அப்படியே நின்றுவிடும்.

"இல்லை சுவாமி. வாற வருஷம். சிறப்புப் பட்டத்துக்கு நாலாம் வருஷமும் நிண்டு படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கினம். நான் படிக்கப்போறன்."

லோறன்ஸோடு தொழிலுக்குப் போகும் சிங்கராசாதான் முதலில் வாய் திறந்தார்.

"என்ன லோறன்ஸ், படகு பாஸ், பிள்ளை பெயிலோ?"

எல்லோரும் சிரித்தார்கள். லோறன்ஸ் சிரிக்கவில்லை.

"ஏன் பிள்ளை என்னட்டச் சொல்லேல்ல?"

"நீங்கள் எழுதிப்போட்டீங்கள் அப்பா."

"எத்தினை பேரைக் கேட்டிருக்கினம்?"

"எங்கட வகுப்பில மூண்டு பேரை."

"மூண்டே பேரையோ?" அவர் குரல் ஏறியது. "என்னத்தைப் பற்றிப் படிக்கப்போறாய்?"

"சாதாழையைப் பற்றி. எங்கட கடலுக்கு அடியில வளருற புல்லு. இறால் குஞ்சுகள் ஒளிச்சு வளருறது அதுக்குள்ளதான்."

"வலையில சிக்கி எங்கட உயிரை எடுக்கிற சாதாழைக்கோ பட்டம் குடுக்கினம்?" என்றார் சிங்கராசா.

"வாயைப் பொத்தடா!"

லோறன்ஸ் குனிந்து படகின் கீழே கிடந்த நீலப் பெயின்ற் வாளியையும் பிறஷையும் எடுத்தார். "கொஞ்சம் பொறுங்கோ சுவாமி."

மூன்றே இழுப்பு. பி.எஸ்சி. நீலத்துக்குள் மறைந்தது.

"ஐயோ, சேட்!" என்று திரேசம்மா கத்தினாள். வெள்ளைச் சேட்டில் நீலம் வழிந்தது.

"அழிச்சுப்போட்டியே மச்சான்!" என்றார் சிங்கராசா.

"அழிக்கேல்லயடா, இடம் விட்டிருக்கிறன். மூண்டு பேரில ஒருத்தி என்ர மகள். அந்தப் பட்டத்துக்கு எழுத்தும் கூட வரும்." மகளிடம் திரும்பினார். "வரும்தானே பிள்ளை?"

"வரும் அப்பா. 'பி.எஸ்சி. (சிறப்பு)' எண்டு அடைப்புக்குறியும் வரும்."

"அப்ப இந்த இடம் காணாதே! உன்ர பெயரைக் கொஞ்சம் சின்னனா எழுதச் சொல்லியிருக்கலாம்."

சுவாமியார் தீர்த்தச் செம்பை உயர்த்தினார். "இப்ப என்ன பெயர் சொல்லி மந்திரிக்கிறது, லோறன்ஸ்?"

"அன்ரோனெற் எண்டு சொல்லுங்கோ சுவாமி," என்றார் அவர், கரை முழுக்கக் கேட்க. "மிச்சம் படிச்சுக்கொண்டிருக்குது."